ஒளி எங்கே முடிகிறது: பழைய ஓவியத்தைப் படியெடுத்து நிழல் பழகுவது

போட்டோ எடுப்பவர்கள், டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயரால், 'ரெம்ப்ராண்ட் லைட்டிங்' என்கிறார்கள். சினிமா விமர்சனங்களில் ஒளி-நிழல் விளையாட்டைக் குறிக்கும் 'கியாரோஸ்கூரோ' அடிக்கடி வருகிறது. எண்ணெய் வண்ணம் பழகத் தொடங்கியவர்கள் இத்தாலிய ஓவியர் 'கரவாஜியோ மாதிரி' வரைய ஆசைப்பட்டு, கேன்வாஸ் முழுக்கக் கறுப்பைப் பூசி நடுவில் ஒரு முகத்தை வைக்கிறார்கள். மூன்று இடத்திலும் ஓடுவது ஒரே எண்ணம்தான்: பின்னணியைக் கறுப்பாக்கி, முகத்தில் வெள்ளையைக் கூட்டினால் நாடகத்தன்மை தானாக வந்துவிடும். அது வருவதில்லை. கறுப்புத் துணிமேல் வெட்டி ஒட்டிய முகம்தான் கிடைக்கிறது.

இந்த எண்ணம் எங்கே பிசகுகிறது என்பதைக் கையாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு நல்ல பழைய ஓவியத்தை எதிரில் வைத்து, அதை நிதானமாகப் படியெடுப்பது. படியெடுப்பது என்றதும் 'ஈயடிச்சான் காப்பி' என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே நிறைய. ஐரோப்பிய ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பழகினார்கள் என்பதும், நன்றாகத் தேர்ந்த பிறகும் இதை விடவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. முதலில் ஒளி விஷயத்தைப் பார்த்துவிட்டு அங்கே வருவோம்.

சாயத்திடம் இருக்கும் கொஞ்சம் வெளிச்சம்

நண்பகலில் ஒருவர் கறுப்புக் குடையோடு தெருவில் போகிறார். நம் வீட்டு உள்ளறைக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி தொங்குகிறது. இரண்டில் எது அதிக வெளிச்சமாக இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் வேட்டி என்போம். ஒளியை அளந்து பார்த்தால் குடைதான். ஒரு பரப்பின்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் உள்ளறையில் சில நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. கறுப்புத் துணி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கைத்தான் திருப்பி அனுப்பும். இருந்தாலும் வெயிலில் அந்த நான்கைந்து பங்கே உள்ளறை வேட்டியைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

நமக்கு அப்படித் தெரிவதில்லை. தெருவைப் பார்க்கும்போது கண் ஒருவிதமாகவும், அறைக்குள் பார்க்கும்போது வேறுவிதமாகவும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. போதாக்குறைக்கு, வேட்டி வெள்ளை என்பது நமக்கு முன்பே தெரியும். தெரிந்ததையே பார்த்ததாக எண்ணிக்கொள்கிறோம். வரையத் தொடங்குபவரின் முதல் எதிரி இந்த 'முன்பே தெரியும்'தான்.

இனி ஓவியரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். டியூபில் இருக்கும் வெள்ளை, விழும் ஒளியில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கறுப்பு சில சதவீதம். அதாவது அவரிடம் இருக்கும் மிகப் பெரிய ஒளிக்கும் மிகப் பெரிய இருளுக்கும் நடுவே சில பத்து மடங்கு வித்தியாசம்தான். மெழுகுவர்த்திச் சுடருக்கும் அதே அறையின் மூலை இருட்டுக்கும் உள்ள வித்தியாசமோ ஆயிரக்கணக்கான மடங்கு. அவ்வளவையும் இந்தக் குறுகிய இடைவெளிக்குள் மடக்கி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வெளிச்சம் கொடுத்தால் எதுவும் வெளிச்சமாகத் தெரியாது. ஆகவே அவர் எதற்குக் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்று முடிவெடுக்கிறார். நாடகத்தன்மை என்று நாம் உணர்வது அந்த முடிவைத்தான்.

இங்கே ஒரு சொல்லைப் பழகிக்கொள்வோம். நிறம் சிவப்பா நீலமா என்பதை மறந்துவிட்டு, ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம் அல்லது எவ்வளவு இருட்டு என்று மட்டும் பார்த்தால் அதுதான் டோன். கறுப்பு வெள்ளைப் படத்தில் மிஞ்சுவது டோன் மட்டுமே.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: சாயத்தால் ஒளிர முடியாது. ஓர் இடம் ஒளிர்வதுபோலத் தெரிவதற்குக் காரணம் அதன் டோனுக்கும் பக்கத்து இடத்தின் டோனுக்கும் உள்ள விகிதம்.

இரண்டு பெயர்கள், ஒரு தேவாலயச் சுவர்

ஒளியையும் நிழலையும் வைத்து உருவங்களுக்குப் பருமன் கொடுப்பதற்குக் கியாரோஸ்கூரோ என்று பெயர். லியொனார்டோ டா வின்சி இதைப் பற்றிக் குறிப்பேடுகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அதில் மென்மையான, மெதுவாக நகரும் நிழலும் அடங்கும். படத்தின் பெரும்பகுதியை இருளில் ஆழ்த்தி, ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக ஒளி பாய்ச்சும் தீவிரமான வகை டெனெப்ரிசம். கரவாஜியோவின் (1571–1610) பெயரோடு ஒட்டிக்கொண்டது இது. பலரும் இரண்டாவதை மனதில் வைத்துக்கொண்டு முதல் பெயரைச் சொல்கிறார்கள். குழப்பத்தில் பாதி இதனால் வருகிறது.

ரோம் நகரின் சான் லூயிஜி தெய் ஃப்ரான்சேசி தேவாலயத்தில் கரவாஜியோ 1599–1600-ல் வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' இருக்கிறது. வரி வசூலிப்பவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வலப்பக்கத்திலிருந்து கிறிஸ்து கை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலாக ஒளிக்கற்றை சாய்வாக வந்து முகங்களைத் தொடுகிறது. படத்துக்குள் ஒரு ஜன்னல் வரையப்பட்டிருக்கிறது. ஒளி அதன் வழியாக வருவதே இல்லை. சட்டகத்துக்கு வெளியே வலப்பக்கம் மேலேயிருந்து வருகிறது. அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னலும் அதே பக்கம், பீடத்துக்கு மேலே இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். உருவங்களுக்குப் பின்னால் உள்ள சுவர் கறுப்பு இல்லை. மங்கிய பழுப்பு. அந்தப் பழுப்பு இருப்பதால்தான் ஒளி சுவரின்மேல் ஊர்ந்து வருவதை நம்மால் பார்க்க முடிகிறது. முழுக் கறுப்பில் ஒளிக்கு விழுந்து காட்ட இடமே இருந்திருக்காது.

முட்டையும் மேஜை விளக்கும்

படியெடுக்கும் முன் நிழலின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தாளின்மேல் ஒரு முட்டையை வைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மேஜை விளக்கைக் காட்டுங்கள்.

விளக்கைப் பார்த்திருக்கும் பக்கம் ஒளிப்பகுதி. அதில் விளக்கே பிரதிபலிப்பதுபோல ஒரு சிறு இடம் மின்னினால் அது ஹைலைட். முட்டை விளக்கைவிட்டு மெல்லத் திரும்பத் திரும்ப ஒளி மங்குகிறது. ஒளிப்பகுதியைச் சேர்ந்த, ஆனால் முழு வெளிச்சம் இல்லாத இந்த இடம் ஹாஃப் டோன். ஒரு கட்டத்தில் ஒளி முட்டையைத் தொடவே முடியாமல் போகிறது. அதற்கு அப்பால் இருப்பது உருநிழல், அதாவது பொருள் தன் உடம்பிலேயே சுமக்கும் நிழல். முட்டை தாளின்மேல் போடும் நிழல் விழுநிழல். இன்னும் உற்றுப் பார்த்தால் உருநிழலின் அடிப்பக்கம் சற்றே வெளிறித் தெரியும். தாளில் பட்டுத் திரும்பிய ஒளி அது, எதிரொளி என்போம்.

பழகுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது எதிரொளியில். இருட்டுக்குள் திடீரென ஒரு வெளிச்சம் தெரிந்ததும் உற்சாகத்தில் அதைப் பளிச்சென்று தீட்டிவிடுவார்கள். உருவம் உடனே தகரத்தில் செய்ததுபோல ஆகிவிடும். எதிரொளி எவ்வளவு பிரகாசமாகத் தோன்றினாலும், ஒளிப்பகுதியின் மிக மங்கலான ஹாஃப் டோனைவிட இருட்டாகவே அதை வைப்பது பழைய பட்டறைகளின் நடைமுறை. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எதிரொளி மறைந்து நிழல் ஒரே திட்டாக ஆகிவிடும். கண் சுருக்கிப் பார்ப்பதைவிட நல்ல கருவி இந்தத் தொழிலில் கிடையாது.

முதலில் பிரிக்க வேண்டியது இரண்டைத்தான்: ஒளி படும் இடம், படாத இடம். மற்றவை எல்லாம் இந்தப் பிரிவுக்குள் அடங்குபவை.

ஏன் அந்த 1628-ஆம் ஆண்டுத் தலை

படியெடுக்கத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் ஓவியம் ரெம்ப்ராண்ட் சுமார் 1628-ல் வரைந்த தன்னுருவம். அப்போது அவருக்கு 22 வயது வாக்கில், லைடன் நகரில் இருந்தார். மரப்பலகையில் எண்ணெய் வண்ணம், 22.6 செ.மீ. உயரம், 18.7 செ.மீ. அகலம், அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் தன் தளத்தில் பெரிய அளவுப் படத்தை இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகிறது.

ரெம்ப்ராண்ட் இத்தாலிக்குப் போனதே இல்லை. இத்தாலி போய் வந்த பீட்டர் லாஸ்ட்மன் என்பவரிடம் கொஞ்ச காலம் பயின்றார். கரவாஜியோவின் முறையை ஊட்ரெக்ட் நகர ஓவியர்கள் நெதர்லாந்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அப்படிக் கைமாறி வந்த ஒளியை இந்த இளைஞர் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தில் விழவைத்துப் பழகினார்.

படத்தில் ஒளி நமக்கு இடப்பக்கத்திலிருந்து வருகிறது. கன்னத்தில் ஒரு பகுதி, காது மடல், கழுத்து, மூக்கின் நுனி, இவற்றில்தான் வெளிச்சம். முகத்தின் பெரும்பகுதி, இரண்டு கண்களும் உட்பட, நிழலில். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அந்த நிழலுக்குள்ளிருந்து ஒருவர் நம்மை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பது உறைக்கும். நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணம் பின்னணி. அது வெளிறிய சுவர்! கறுப்பு எங்கும் இல்லை. இருட்டாக இருப்பது தலைதான். இவ்வளவு நாடகத்தன்மை உள்ள முகம் வெளிறிய சுவருக்கு முன்னால் நிற்கிறது என்றால், 'கறுப்புப் பின்னணி வேண்டும்' என்ற சூத்திரம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

அளவு சிறியது, டோன்கள் சில, ஒளி வரும் திசை ஒன்றே ஒன்று. முதல் படிக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

படியெடுக்கத் தொடங்குவோம்

12 அங்குலம் × 10 அங்குலம் கேன்வாஸ் போர்டு கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அதன் உயர அகல விகிதம் இந்த ஓவியத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. வண்ணங்கள் நான்கு போதும்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக். ரெம்ப்ராண்ட் பயன்படுத்திய வெள்ளை ஈயத்தில் செய்தது, நச்சுத்தன்மை உள்ளது. அதைத் தேடிப்போக வேண்டியதில்லை. டர்பன்டைன் பயன்படுத்தினால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். லின்சீட் எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கிக் குவித்துப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகி, குவியல் தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்தோ விரித்துக் காயவைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

தூரிகையை எடுக்கும் முன் ஒரு பென்சில் வேலை. தீப்பெட்டி அளவில், மூன்றே டோன்களில் படத்தைப் போட்டுப் பாருங்கள்: நிழல், நடு, ஒளி. முகம் யாருடையது என்று தெரிய வேண்டாம். இருட்டுத் திட்டின் வடிவமும் ஒளித் திட்டின் வடிவமும் தெரிந்தால் போதும். இதைச் சலிக்காமல் நாலைந்து முறை போடுங்கள். ஓவியர் எடுத்த பெரிய முடிவு இந்தத் தீப்பெட்டிக்குள் முழுசாக இருக்கிறது.

அடுத்தது அடிவண்ணம், அதாவது இறுதி வண்ணங்களுக்குக் கீழே ஒரே நிறத்தில் போடும் முதல் அடுக்கு. பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து போர்டு முழுக்க மெல்லிசாகத் தேயுங்கள். வெள்ளைப் பரப்பில் எந்தச் சாயமும் இருட்டாகத் தெரியும்; நடு டோன் பரப்பில்தான் ஒளியையும் இருளையும் சரியாக எடைபோட முடியும். ஈரமாக இருக்கும்போதே பழந்துணியால் ஒளி இடங்களைத் துடைத்தெடுங்கள். நிழல் இடங்களில் இன்னும் கொஞ்சம் அம்பர் சேருங்கள். இங்கேயே படம் 'நிற்க' வேண்டும். நிற்கவில்லை என்றால் மேலே எவ்வளவு வண்ணம் போட்டாலும் நிற்காது.

இது காய்ந்ததும் நிழலை மெல்லிசாக, ஒரே திட்டாகப் போடுங்கள். இப்போது கண்களுக்கு வருகிறோம். முகம் வரையும் எல்லோருக்கும் கை தானாகக் கண்ணுக்குத்தான் போகும். இமை, விழி, மயிர் எல்லாம் நமக்கு 'முன்பே தெரியும்', அந்த உள்ளறை வேட்டியைப்போல. ரெம்ப்ராண்ட் இங்கே அவற்றைப் போடவில்லை. நிழல் டோனுக்குள் அதைவிட ஒரு சிறு படி மட்டுமே இருட்டான குழிகள், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கோடு கூட்டினாலும் பார்வை மறைந்து பொம்மைக் கண் வந்துவிடும். இந்தப் படத்தைப் படியெடுப்பதில் மிகக் கடினமான வேலை இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்வது.

பிறகு ஹாஃப் டோன். கன்னத்தில் ஒளி முடிந்து நிழல் தொடங்கும் எல்லை எந்த இடத்தில் கூர்மையாக இருக்கிறது, எங்கே கரைந்து போகிறது என்று அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். எலும்பு முட்டும் இடத்தில் எல்லை சட்டென்று வரும்; சதை உருண்டையாகத் திரும்பும் இடத்தில் மெதுவாக வரும். எல்லா விளிம்பையும் ஒரே மாதிரி மழுப்பினால் முகம் பலூன் ஆகிறது. எல்லாவற்றையும் கூர்மையாக்கினால் வெட்டிய காகிதம். வேறெதை அவசரமாக முடித்தாலும் இந்த எல்லைக் கோட்டில் அவசரப்படாதீர்கள். ஒளியின் குணம் இங்கேதான் தெரியும்.

ஒளியைக் கடைசியில் வையுங்கள், தடிமனாக. அடர்த்தியான சாயத்தை மேடாக வைப்பதற்கு இம்பாஸ்டோ என்று பெயர். அந்த மேடு அறையில் இருக்கும் உண்மையான விளக்கொளியைப் பிடித்துக்கொள்கிறது. மெல்லிய நிழல் அடுக்கோ ஒளியை உள்ளே விட்டுக் கீழிருக்கும் அடிவண்ணத்தைக் காட்டுகிறது. நிழல் ஆழமாகவும் ஒளி முன்னால் துருத்திக்கொண்டும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். போட்டோவில் இது சரியாகப் பிடிபடாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரவி வர்மாவின் அசல் எண்ணெய் வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. வாய்ப்பிருந்தால் ஓர் எண்ணெய் ஓவியத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நகைகளிலும் துணி மடிப்புகளிலும் சாயம் எப்படி நிற்கிறது, இருட்டில் எப்படிப் படிந்து கிடக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

அடுக்குகள் போடும்போது ஒரு விதி: கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். எண்ணெய் அதிகமான அடுக்கு மெதுவாகக் காயும். அது கீழே மாட்டிக்கொண்டால் மேல் அடுக்கு பின்னாளில் விரிசல் விடும்.

இன்னொரு அழகான விஷயம் முடி. ரெம்ப்ராண்ட் சுருள் முடியின் ஒளி படும் இழைகளைத் தீட்டவில்லை. ஈரச் சாயத்தைத் தூரிகையின் பின்முனையால் கீறி, கீழ் அடுக்கை வெளியே கொண்டுவந்தார். நீங்களும் கீறிப் பாருங்கள். கையின் பயம் போய்விடும்.

சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. மூலத்தையும் உங்கள் படியையும் போனில் பக்கத்துப் பக்கத்தில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். டோன் தவறு உடனே அகப்படும். இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளில் சிறு துளை போட்டு, மூலத்தின் கன்ன வெளிச்சத்தை அதன் வழியாகப் பாருங்கள். வெள்ளை என்று நினைத்தது தாளைவிட எவ்வளவு மங்கலான மண்நிறம் என்று தெரியும்போது பலருக்கும் தூக்கிவாரிப் போடும்.

சுருக்கமாக, வரிசை இது: சின்னப் பென்சில் படம், பழுப்பு அடிவண்ணம், மெல்லிய நிழல், பொறுமையான ஹாஃப் டோன், கடைசியில் தடித்த ஒளி.

வயது பூசிய பழுப்பைப் படியெடுக்காதீர்கள்

நாம் இன்று பார்ப்பதெல்லாம் ஓவியர் வைத்தது ஆகாது. ஓவியத்தைக் காக்க மேலே பூசும் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கும். ரெம்ப்ராண்டின் 1642-ஆம் ஆண்டு ஓவியத்துக்கு 'இரவுக் காவல்' என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். 1940-களில் கறுத்த வார்னிஷை அகற்றியபோது அது பகல் காட்சி என்பது தெளிவானது. இன்னொரு டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துக் காதணி அணிந்த பெண்' இன்னும் நல்ல பாடம். அந்தக் கறுப்புப் பின்னணியைப் பார்த்துப் பழகியவர்கள் எத்தனையோ பேர். அங்கே வெர்மீர் வரைந்திருந்தது ஒரு பச்சைத் திரை என்று மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம் 2020-ல் ஆய்வு முடிவை வெளியிட்டது. பச்சை நிறம் காலத்தில் சிதைந்துபோயிருக்கிறது. கறுப்புப் பின்னணிச் சூத்திரத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் படமே கறுப்பில் தொடங்கவில்லை.

ஆகவே அருங்காட்சியகம் தானே வெளியிட்ட படத்தை மட்டும் பயன்படுத்துங்கள். இணையத்தில் சுற்றும் பிரதிகளில் யாரோ கான்ட்ராஸ்டை ஏற்றி நிழலைக் கெட்டிக் கறுப்பாக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பிரதியிலிருந்து கற்பது ரெம்ப்ராண்டை அன்று.

படி எடுத்தவர்கள்

ஃப்ளெமிஷ் ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸ் கரவாஜியோவின் 'கிறிஸ்துவின் அடக்கம்' ஓவியத்தைத் தன் போக்கில் உருவங்களை மாற்றி அமைத்துத் திரும்ப வரைந்தார். அது இப்போது கனடாவின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1628–29-ல் மட்ரிட் போனபோது அவருக்கு 50 வயது தாண்டியிருந்தது, ஐரோப்பா முழுக்கப் பெயர். அங்கேயும் வெனிஸ் ஓவியர் டிஷனின் ஓவியங்களுக்கு முன்னால் உட்கார்ந்து படியெடுத்தார். இன்னொரு ஓவியர் எப்படி யோசித்தார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இதைவிட நேரடியான வழி இருக்கவில்லை. பாரிஸின் லூவர் 1793-ல் திறந்ததிலிருந்தே ஓவியர்கள் அங்கே படியெடுத்து வருகிறார்கள். இன்றும் அனுமதி வாங்கிக்கொண்டு ஈசலோடு (கேன்வாஸைத் தாங்கும் சட்டத்தோடு) போய் உட்காரலாம். படியின் அளவு மூலத்தைவிடக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது கூடவோ குறையவோ இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. போலி என்று யாரும் விற்றுவிடக்கூடாது அல்லவா? நம் 12 × 10 போர்டு இந்த விதிக்கும் உட்பட்டதுதான். பின்பக்கத்தில் 'ரெம்ப்ராண்டின் தன்னுருவத்தைப் பார்த்து' என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள்.

படி முடிந்து சாயம் காய்வதற்குள் அடுத்த வேலையைத் தொடங்கிவிடலாம். அறை ஜன்னல்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மூடுங்கள். வெளிறிய சுவருக்கு முன்னால், ஒளி இடப்பக்கத்திலிருந்து வருமாறு, ஒரு கண்ணாடியோடு உட்காருங்கள். அதே நான்கு வண்ணம், அதே அளவு போர்டு, அதே வரிசை. தலையை மெல்லத் திருப்பிக்கொண்டே போய், இரண்டு கண்களும் நிழலுக்குள் போகும் இடத்தில் நிறுத்துங்கள். தீப்பெட்டி அளவுப் பென்சில் படத்தை முதலில் போடுங்கள். கண்களைக் கடைசிவரை தொடாதீர்கள்.